எறிந்த கை

தேத்தண்ணிக் கோப்பை ஷிஃபானாவின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடிபட்டுச் சிதறியது. லப்டொப்பின் திரையில் சாயம் வழிந்தது. அவள் முக்காட்டுத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

“சீனி போடல்ல!” என்று அவள் புருஷன் நௌபர் கத்தினான்.

கத்த வேண்டும் என்று கத்தியதல்ல அது. அவன் இப்போது எல்லாவற்றையும் அந்தச் சத்தத்தில்தான் சொல்கிறான். தன் குரலே தனக்குக் கேட்காத மனிதன், ‘தண்ணி தா’ என்றாலும் அடுத்த வளவில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் கோப்பையை எறிந்தது வேண்டுமென்றுதான். கிழமைக்கு ஒரு கோப்பையாவது போய்க்கொண்டிருந்தது.

கிண்ணியாவில் நௌபர் பேர்போன சுழியோடி. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கு இறங்கினால் மற்றவர்கள் ஒரு வாளி எடுக்கிற நேரத்தில் அவன் இரண்டு வாளி எடுப்பான். பெருநாள் முடிந்த கையோடு ஒரு காலையில் அவன் கடலடியில் இருந்தபோது, மேலே யாரோ மீனுக்கு டைனமைற் எறிந்தார்கள். இரண்டு காதாலும் மூக்காலும் இரத்தம் கொட்ட அவனைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். உயிர் தங்கியது. காது போய்விட்டது. எறிந்தது யார் என்று பொலிஸ் கேட்டது, பள்ளிவாசலில் கேட்டார்கள். கரையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஷிஃபானா கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். கதையில் வருபவளும் ஒரு சுழியோடியின் மனைவி. வீட்டில் இடி விழுந்ததும் அந்த இடியைக் கதைக்குள்ளும் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடியே போனில் எழுதி அனுப்பிய அத்தியாயத்துக்கு வாசகர்கள் அழுது கடிதம் போட்டார்கள். அதற்கடுத்த அத்தியாயத்தில் எறிந்தவன் யாரென்று சொல்ல வேண்டும். அங்கேதான் நின்றுபோனாள். மூன்று கிழமையாக ஒரே வசனம்.

‘படகின் முன்புற அணியத்தில் ஒருவன் எழுந்து நின்றான். கையை ஓங்கினான். அந்தக் கை…’

அவ்வளவுதான். அதற்கப்பால் ஓர் எழுத்தும் இல்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு வந்து இருந்து பார்த்தாள். லப்டொப்பை மூடிவிட்டுப் பேனையால் எழுதிப் பார்த்தாள். கதையை வாயால் சொல்லிப் போனில் பதிந்து பார்த்தாள். பதிந்ததைப் போட்டுக் கேட்டபோது பின்னால் கோழி கொக்கரித்த சத்தம்தான் இருந்தது. முந்திய அத்தியாயத்தை வரிக்கு வரி திரும்ப எழுதிக்கொண்டு வந்தால் அந்த வேகத்தில் அடுத்தது வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எழுதிக்கொண்டு வந்தாள். ‘அந்தக் கை’ என்ற இடத்தில் பேனை தானாக நின்றது. எழுதத் தெரியாமல் போய்விட்டதோ என்று பயந்து, உம்மாவின் பிரஷர் மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் வேறொரு சின்னக் கதை எழுதிப் பார்த்தாள். அது தண்ணீர்போல் வந்தது. இது மட்டும்தான் வரமாட்டேன் என்றது.

போன் அடித்தது. பத்திரிகையில் கதைகளைப் பார்க்கும் புஸ்பராணி அக்கா. சொந்த ஊர் திருகோணமலை. கொழும்புக்குப் போய் வருடக்கணக்காகியும் பேச்சு மாறாதவர்.

“பிள்ளை, ஒவ்வொரு கிழமையும் ‘தவிர்க்க முடியாத காரணத்தால்’ எண்டு போட்டுப் போட்டு எனக்கே வெக்கமாக் கிடக்கு. எழுதிட்டியே?”

“இல்ல அக்கா.”

“ஆர் எறிஞ்சதெண்டு சனம் கேட்டுக்கொண்டு நிக்குது.”

“எனக்கே தெரியாதே அக்கா.”

“கதைதானே பிள்ளை. ஆரையாவது எறிய விடு. ஒரு வெளியூரான், ஒரு கடத்தல்காரன்…”

“விட்டுப் பாத்தன் அக்கா. அந்தாள் எழும்பி நிக்கிறாரு, கைய ஓங்குறாரு. எறியிறாரு இல்ல. அப்பிடியே நிக்கிறாரு.”

புஸ்பராணி, “இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள வராட்டி வேறயொராளின்ர கதையைத் தொடங்கத்தான் வேணும். கோவிக்காத, பிள்ளை,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

குசினிக்குள்ளிருந்து உம்மா அசனா எட்டிப் பார்த்தாள். “எழுதாட்டி விடு மகள். எழுதி என்ன கண்ட?”

அந்தச் சமயத்தில்தான் அது கேட்டது. தூரத்தில், குடாப் பக்கமாக, நிலத்துக்கடியில் யாரோ உலக்கை போட்டதுபோல ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

ஷிஃபானாவும் உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நௌபருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தார்கள். அவன் கதிரையில் வெறுங்காலோடு இருந்தான். உள்ளங்காலால் கேட்டிருக்கிறான். கதிரையைத் தள்ளி எழுந்தவன் கதவு மூலையில் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கினான்.

“திரும்பவும் வெடி அடிக்கிறானுவள்! இண்டைக்கு எவனா இருந்தாலும் மண்டையப் பொளக்காம வரமாட்டன்!”

“மருமகன், வேணா!” அசனா குறுக்கே விழுந்தாள். அவன் ஒரு கையால் தள்ளினான். அவள் அலுமாரியில் மோதிக் கீழே விழுந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டிராது.

ஷிஃபானா உம்மாவைத் தூக்கி இருத்திவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கரையில் மீன்பிடிப் போட்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எதிரே சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. மீன் வாங்க வந்தவர்கள், வலை பிரிக்கிறவர்கள், ஐஸ் இடிக்கிறவர்கள் என்று சனத்துக்குக் குறைவில்லை. கம்பியோடு வந்த நௌபரைக் கண்டதும் எல்லோரும் விலகினார்கள்.

முதல் போட், கரையில் மூத்தவரான அலியார் காக்காவுடையது. நௌபர் கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு பாரை மீனைத் தூக்கி இரண்டு கையாலும் வளைத்தான். மீன் விறைப்பாக நின்றது; வெடியில் செத்ததல்ல. எறிந்துவிட்டு அடுத்த போட்டுக்குப் போனான். அங்கேயும் அப்படித்தான்.

மூன்றாவதாக வந்தது முனீப்பின் போட். முனீப் ஷிஃபானாவின் ஒரே தம்பி. வாப்பா மௌத்தான பிறகு கடலுக்குப் போய் வீட்டைத் தாங்கியவன். ராத்தா ராத்தா என்று அவளைச் சுற்றியே வளர்ந்தவன். நௌபரை ஆஸ்பத்திரிக்குத் தோளில் சுமந்துகொண்டு ஓடியவனும் அவன்தான்.

தம்பியின் போட்டைக் கண்டதும் ஷிஃபானாவுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. அவன் பிடித்து நிறுத்துவான் என்று நினைத்தாள். அடுத்த கணம், முனீப் மீன் பெட்டியின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடுவதைக் கண்டாள்.

நௌபரும் கண்டான்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்ச் சாக்கை உரித்தான். ஒரு பாரையை எடுத்து வளைத்தான். அது ஈரத்துணிபோல இரண்டாக மடிந்தது. உள்ளே முள்ளு நொறுங்கியிருந்தது. செவுளால் இரத்தம் வந்து அவன் முழங்கை வரைக்கும் வழிந்தது.

“மச்சான், நில்லுங்க, நான் சொல்றன்…” என்றான் முனீப்.

கம்பி முதலில் என்ஜின் மூடியில் விழுந்தது. இரண்டாவது அடி முனீப்பின் நெற்றியில். அவன் தண்ணீருக்குள் சரிந்தான். எழும்பியபோது கையில் துடுப்பு இருந்தது. அதைச் சுழற்றி நௌபரின் விலாவில் போட்டான். கம்பி தண்ணீருக்குள் போய்விட்டது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். முனீப் கடித்தான். நௌபர் அவன் முகத்தில் முட்டியால் குத்தினான், திரும்பத் திரும்பக் குத்தினான். தண்ணீர் சிவந்தது.

“ஆராவது பிடிங்களன்!” என்று ஷிஃபானா கத்தினாள்.

ஒருவரும் அசையவில்லை. அலியார் காக்கா மட்டும், “அது குடும்பச் சண்டை மகள்,” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். இந்தக் கரையில் யார் வெடி போடுகிறார்கள் என்று தெரியாதவர் அங்கே இல்லை. அன்றைக்குத்தான் அது அவளுக்கு விளங்கியது.

நௌபர் முனீப்பின் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். மூச்சடக்கப் பழகிய சுழியோடியின் பிடி அது. பூட்டுப் போட்டதுபோல விழுந்துவிட்டது.

“கேளுடா! நான் கேட்டத நீயும் கேளு! கேக்குதா?”

முனீப்பின் கால்கள் தண்ணீரை அடித்தன. பிறகு அடிப்பது குறைந்தது.

“விடுங்க! செத்துருவான்! விடுங்க!” ஷிஃபானா இடுப்பளவு தண்ணீரில் நின்று அலறினாள். அவனுக்கு எப்படிக் கேட்கும்? சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். கிழிந்து கையோடு வந்தது. மிதந்துகொண்டிருந்த துடுப்பை எடுத்தாள். தோளில் அடித்தாள். அவன் திரும்பவும் இல்லை. முனீப்பின் கால்கள் நின்றுவிட்டன.

ஷிஃபானா துடுப்பை ஓங்கிப் புருஷனின் தலையில் அடித்தாள். அது காதில் பட்டது.

நௌபர் பிடியை விட்டான். காதைப் பொத்திக்கொண்டு திரும்பியவன், அடித்தது யார் என்று கண்டதும் அப்படியே நின்றான். விரல் இடுக்கால் இரத்தம் இறங்கியது. ஆஸ்பத்திரியில் காயம் ஆறியிருந்த காது அது.

அவள் தம்பியை இழுத்துக் கரையில் போட்டுக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். முனீப் உப்புத் தண்ணீரையும் இரத்தத்தையும் கக்கினான். மூச்சு வந்ததும் தவழ்ந்துபோய் நௌபரின் காலைப் பிடித்தான்.

“நீங்க கீழ இருந்தது எனக்குத் தெரியா மச்சான். உங்கட போட் முனைக்கு அங்கால நிண்டிச்சு. நான் காணல்ல. அல்லா மேல ஆணை, நான் காணல்ல. இரத்தத்தோட மேல வந்த பிறகுதான்… நான்தானே உங்களத் தூக்கினன்…”

நௌபர் அவன் வாயையே பார்த்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்ததால் என்ன சொல்கிறான் என்று பிடிபடவில்லை. ஷிஃபானாவிடம் திரும்பினான்.

“என்ன சொல்றான்?”

வீட்டில் அவனோடு கதைக்க வேண்டுமென்றால் போனில் எழுதித்தான் காட்டுவாள். நனையாமல் சட்டைக் கழுத்துக்குள் செருகியிருந்த போனை எடுத்தாள். முனீப் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘ராத்தா, காப்பாத்து’ என்று அந்தப் பார்வை கெஞ்சியது. தான் இல்லையாம், இன்றைக்குத்தான் முதல்தடவையாம் என்று எழுதலாம். நௌபர் நம்பினாலும் நம்புவான். கரையும் வாய் திறக்காது.

அவள் எழுதினாள்.

‘அண்டைக்கு எறிஞ்சது இவன்தான். நீங்க கீழ இருந்தது தெரியாதாம்.’

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விரல் நிற்கவில்லை.

‘அண்டைக்கு அந்தி இவன்ட கையில எரிகாயம் இருந்திச்சு. சைலன்சர் சுட்டதெண்டு சொன்னான். நான்தான் மருந்து போட்டன். அது சைலன்சர் சுட்ட காயம் இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டன்.’

எழுதி முடித்த பிறகுதான் எழுதியதை அவளே வாசித்தாள். இத்தனை நாளும் அந்த எரிந்த உள்ளங்கை அவளுடைய வசனத்தின் வாசலில் வந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறது. அவள்தான் கதவைத் திறக்கவில்லை.

நௌபர் போனை வாங்கி வாசித்தான். இன்னொரு தரம் வாசித்தான். அவன் குத்துவான், போனைக் கடலில் எறிவான் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். அவன் போனைத் தன் இடுப்புச் சாரத்தில் துடைத்து அவள் கையில் கவனமாக வைத்தான்.

“ஒனக்கும் தெரியுமா?” என்றான்.

காது போன நாளிலிருந்து முதல்தடவையாக அவன் குரல் தாழ்ந்து வந்தது. பக்கத்தில் நின்ற அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. பிறகு அவன் கரையோரமாக நடந்து போனான். கூப்பிட்டு என்ன பயன்?

வீட்டில் அசனா மகனின் நெற்றியைக் கட்டிவிட்டு, நடந்ததைக் கேட்டதும் எழுந்துவந்து மகளின் கன்னத்தில் அறைந்தாள். முப்பது வயதுக்குப் பிறகு வாங்கிய முதல் அறை.

“கூடப்பொறந்தவனக் காட்டிக் குடுத்திட்டியே! ஒரு சொல்லுல மறைச்சிருக்கலாமே!”

“மறைச்சுத்தான் உம்மா இவ்வளவு நாளும் இருந்தனான்.”

“நாளைக்கு இவன பொலிஸ் புடிச்சா? ஆர் கஞ்சி ஊத்துவா?”

ஷிஃபானா உள்ளே போய் லப்டொப்பைத் திறந்தாள். உம்மா வந்து அதன் மூடியை அறைந்து சாத்தினாள். விரல் நசுங்கியது. ஷிஃபானா விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் மூடியைத் திரும்பத் திறந்தாள். தாயும் மகளும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அசனாதான் முதலில் கண்ணை எடுத்தாள்.

‘அந்தக் கை…’ அங்கேயே நின்றது வசனம். அவள் தொடர்ந்தாள். அந்தக் கை கதாநாயகியின் தம்பியின் கை. அவள் சோறு தீத்தி வளர்த்த தம்பி. பிறகு வசனங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. எரிகாயத்தை எழுதினாள். அதற்கு மருந்து போட்டவள் என்ன நினைத்துக்கொண்டு போட்டாள் என்று எழுதினாள். தண்ணீருக்குள் அடித்த கால்களை எழுதினாள். துடுப்பு காதில் பட்ட இடத்தில் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு அதையும் எழுதினாள். நசுங்கிய விரலின் நகம் கறுத்து வீங்கியது. பேர்களை மட்டும் மாற்றினாள். பள்ளியில் பின்னேர அசருக்குப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வந்து திரும்ப இருந்தாள். வெயில் மங்குகிற நேரத்தில் அனுப்பிவிட்டாள்.

புஸ்பராணி அக்கா உடனே போன் எடுத்தார். அவர் குரலே மாறியிருந்தது.

“பிள்ளை… இது கதைதானே?”

ஷிஃபானா வீங்கிய விரலைத் தடவினாள்.

“உன்ர ஊரில இதை வாசிச்சா ஆரெண்டு விளங்காதோ? உனக்கு ஒரு தம்பி இருக்கிறான் எல்லே?”

“ஓம்.”

“நான் இண்டைக்கு இரவு அச்சுக்குக் குடுக்கோணும். வேண்டாமெண்டா இப்பவே சொல்லு. அழிச்சுப் போட்டிடுறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

வாசற்படியில் முனீப் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டுக்குள்ளால் இரத்தம் கசிந்திருந்தது. அவன் எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“போடுங்க அக்கா.”

போனை வைத்தாள். முனீப் கோபப்படவில்லை. வேறு எதற்கோ பயந்தவன்போல முகம் வெளிறியிருந்தான்.

“ராத்தா, மச்சான் வந்தாரா?”

“இல்ல.”

“நான் போட்டக் கழுவப் போனனான். பலகைக்குக் கீழ ரெண்டு வெடி வெச்சிருந்தன். இப்ப இல்ல. மச்சான்ட சின்னப் போட்டும் கரையில இல்ல.”

உள்ளே அசனா “யா அல்லாஹ்” என்று நிலத்தில் இருந்துவிட்டாள்.

ஷிஃபானா செருப்பையும் தேடவில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கரையில் சனம் கலைந்திருந்தது. தூரத்தில், பெருநாள் கழித்து நௌபர் இறங்கிய அந்த முனைப் பக்கமாக, ஒரு சின்னப் போட் என்ஜினை நிறுத்திவிட்டு அலையில் ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு ஆள் எழும்பி நிற்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை.

முனீப் தன் போட்டில் ஏறி என்ஜின் கயிற்றைப் பிடித்தான். இழுக்கவில்லை.

“என்னக் கண்டா அந்த வெடிய எறிஞ்சிருவாரு ராத்தா.”

ஷிஃபானா தண்ணீருக்குள் இறங்கிப் போட்டைப் பிடித்து ஏறினாள். அணியத்தில், தம்பியை மறைத்துக்கொண்டு, நேராக எழும்பி நின்றாள்.

“அதுக்குத்தான் நான் முன்னுக்கு நிக்கிறன். இழு.”

என்ஜின் பிடித்தது. தூரத்தில் நின்றவன் இவர்கள் பக்கம் திரும்பினான்.